ஐந்து பெட்டியும் நாலு வெண்டிலேட்டரும்

போடிநாயக்கனூர்
12 ஜூலை 2023

மாமாவுக்கு,

பானுப்பிரியா எழுதுகிறேன். உங்கள் அக்கா பாண்டியம்மாளின் மகள். சொந்தத் தாய்மாமனிடம் இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் பதினாலு வருஷம் ஆகப்போகிறது. கடைசியாக உங்களைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. போலீஸ் ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "உள்ள போத்தா, வெயில்ல நிக்காத" என்றீர்கள். அதற்குப் பிறகு அம்மா உங்கள் பெயரை வீட்டில் எடுக்கவே இல்லை. சிறையில் மனுப் போட்டு உங்களைப் பார்க்க வரவும் இல்லை. நான் வளர்ந்த பிறகு வந்திருக்கலாம். வரவில்லை. அதற்குக் காரணம் கண்டுபிடித்து எழுதி உங்களை ஏமாற்றப் போவதில்லை.

நான் திருநெல்வேலியில் குற்றவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் பாடத்தில் இறுக்கக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஊர் உலகம் எல்லோரையும் பார்த்து, 'இதை அடைந்தால்தான் நீ மனுஷன்' என்று ஓர் இலக்கைக் காட்டுகிறது. ஆனால் அதற்கான நேர்வழியைச் சிலருக்குத்தான் திறந்துவிடுகிறது. மற்றவர்கள் நடுவில் மாட்டி நெரிபடுகிறார்கள். அப்போது மனிதர்கள் ஐந்து விதமாகப் பிரிவார்களாம். இரண்டையும் ஏற்றுப் பேசாமல் உழைப்பவர் ஒரு வகை. இலக்கை விடாமல் குறுக்குவழி பிடிப்பவர் இன்னொரு வகை. இலக்கை மறந்து வழியை மட்டும் கட்டிக்கொண்டு தேய்பவர், இரண்டையும் விட்டுக் குடியில் விழுபவர், இரண்டையும் உடைத்து வேறு உலகம் கேட்பவர் என்று மீதி மூன்று.

ஐந்து பெட்டி வரைந்து உங்களை இரண்டாவதில் வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் தேவாரம் பக்கம் தோட்டத்தில் ஏலக்காயைச் சரத்தோடு அறுத்துக் கொண்டுபோனது, இருபத்தாறில் செக்போஸ்டைச் சுற்றிக் காட்டுப் பாதையில் மூட்டை கடத்தியது, முப்பத்துநாலில் ஏலக்காய் ஸ்டோரில் உங்களோடு வேலை பார்த்த சுடலை இறந்தது. எல்லாம் அப்படியே பொருந்துகிறது.

முக்கியமான விஷயம் இதுதான். வரும் ஐப்பசியில் உங்களுக்குப் பதினாலு வருஷம் முடிகிறது. முன்விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று வக்கீல் ராம்பிரசாத் சொல்கிறார். படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் கெட்டவர் இல்லை, இறுக்கத்தில் மாட்டியவர் என்று நான் எழுதியதையும் சேர்த்துக் கொடுப்போம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பானு

*

மத்திய சிறை, மதுரை
26 ஜூலை 2023

மருமகளுக்கு மாமன் முத்துக்கிருஷ்ணன் எழுதுவது.

கடிதம் பிரித்துத்தான் வந்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் ஐயாமார் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆபீசில் இருக்கிறவர், "யோவ், உன்னைப் பத்தி உன் மருமக பெரிய பொஸ்தகமே எழுதுது போல" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீ படிப்பாய் என்று அன்றைக்கே தெரியும். கையில் கரிக்கட்டை கிடைத்தால் சுவரை விடமாட்டாய்.

உன் ஐந்து பெட்டியைக் கூட இருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டினேன். இங்கே ரெண்டாம் பெட்டியில் இடமே இல்லை ஆத்தா, அத்தனை பேரும் அங்கேதான் ஏறுகிறான். குடிகாரன்கூட நாலாம் பெட்டிக்குப் போக மாட்டேன் என்கிறான்.

விளையாட்டு போகட்டும். உன் பெரிய மாமன் ராக்கையாவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே வீடு, ஒரே கஞ்சி. அவன் இன்றைக்கும் தோட்டத்தில் மருந்தடிக்கிறான். ஒரு காய் அவன் மடியில் ஏறினதில்லை. உன் இறுக்கம் அவனை ஏன் நெரிக்கவில்லை? இன்னொன்று கேட்கிறேன். நீ எழுதினது சரி என்றால், நான் இல்லாவிட்டாலும் வேறு எவனாவது அதைச் செய்திருப்பான். அப்படியென்றால் சுடலையைக் கொன்றது யார், கோட்பாடா?

மத்தியானம் சாப்பாடு முடிந்து லாக்கப் செய்தபிறகு, ரெண்டு ரெண்டரை மணிக்கு என் அறையில் காய் வேகுற வாசம் வரும். மற்றவர்களுக்கு வருவதில்லை, கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சுடலை வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலைத்துண்டால் வேர்வையைத் துடைப்பான். பேசமாட்டான். ஏசினாலும் தேவலை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், தூக்கம் வருகிறது, அவனும் வருகிறான்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. நான் வெளியே வந்தால் அவனை யாரிடம் விட்டுவிட்டு வருவது? உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

மாமன்

*

போடிநாயக்கனூர்
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. என் பேராசிரியர் இரண்டு வருஷமாகக் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பெரிய மாமாவை முதல் பெட்டியில் போடலாம். ஆனால் ஏன் அவர் அங்கே, நீங்கள் இங்கே என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

தீர்ப்பு நகலை வாங்கி முழுவதும் படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை குரங்கணி போய், அங்கிருந்து ஜீப்பில் மேலே தோட்டத்துக்கும் போனேன். பச்சைக்காயைக் காயவைக்கும் அந்த ஸ்டோர் அப்படியே இருக்கிறது. இப்போது பூட்டிப் போட்டிருக்கிறார்கள், கீழே புதுசாக ஒன்று கட்டிவிட்டார்கள். "அதுல யாரும் காய் போட மாட்டாக" என்றார் ஜீப் ஓட்டிய அழகுராஜா. கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி. சுவரின் உச்சியில் நாலு வெண்டிலேட்டர், வெளியில் நின்றே சாத்துகிற மாதிரி நாலு கயிறு. பின்பக்கம் விறகு போடும் அடுப்பு, அங்கிருந்து ஓடி உள்ளே போகும் இரும்புக் குழாய்கள். கதவில் கை வைக்கப் போனேன். ஏனோ வைக்கவில்லை.

தீர்ப்பில் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. சுடலை உள்ளே காய் கிளறிக்கொண்டிருந்தபோது, அவர் பார்த்துவிடக் கூடாது என்று நாதாங்கியைப் போட்டுவிட்டு, பக்கத்து அறையிலிருந்த உலர்ந்த காய் மூட்டைகளை எடுத்துப் போனீர்கள். சாயங்காலம் ஜீப் வரும்போது யாராவது திறந்துவிடுவார்கள் என்று நினைத்தீர்கள். இதுவரை திருட்டு. அதோடு நின்றிருந்தால் சுடலை வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்திருப்பார். ஆனால் நாலு வெண்டிலேட்டரும் சாத்தியிருந்தன, அடுப்பில் புது விறகு இருந்தது, விரிசல் விட்ட குழாய் வழியாகப் புகை உள்ளே நிறைந்தது. 'உயிரோடு விட விரும்பாதவன் செய்கிற காரியம்' என்று நீதிபதி எழுதியிருக்கிறார். ஆயுள் தண்டனை அதற்காகத்தான். நீங்கள் கோர்ட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நீங்கள் கொல்ல நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எப்படி நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். எதற்காக அந்த வாரம் அந்த மூட்டைகள் தேவைப்பட்டன என்றும் எழுதுங்கள். தீர்ப்பில் 'ஆடம்பர ஆசை' என்று இருக்கிறது. உங்களிடம் இருந்தது இரண்டு கைலி.

பானு

*

மத்திய சிறை, மதுரை
5 செப்டம்பர் 2023

மருமகளுக்கு,

எதற்காக என்பதை எழுதமாட்டேன். நீ படித்தவள், தேதியைப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அதே வாரம் வியாழக்கிழமை நம் வீட்டில் என்ன விசேஷம்?

எப்படி என்பதை எழுதுகிறேன். ஐயாமாரும் படிக்கட்டும்.

ஸ்டோரில் காய் போடுகிற வேலை பதினோரு வருசம் என் வேலை. அந்த வாரம் எனக்கு லீவு. "மாமன்காரன் நீ, போய்ச் சீர் சோலியப் பாரு. ஸ்டோர நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி என் முறையை ஏற்றுக்கொண்டவன் சுடலை. ஞாயிறு மத்தியானம் தோட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், எல்லாரும் போடிக்கு இறங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தேன். அவன் உள்ளே தட்டுத் தட்டாகக் காயைக் கிளறிக்கொண்டிருந்தான். முதுகைத்தான் பார்த்தேன். நாதாங்கியைப் போட்டேன். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாதை வளைவில் கொண்டுபோய் வைத்தேன்.

கடைசி மூட்டைக்குத் திரும்பி வரும்போது ரெண்டரை மணி இருக்கும். பச்சைக்காய் உள்ளே போனால் முதலில் வெண்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும், ஈரம் வெளியேறணும். ஈரம் போனதும் வெரசா சாத்திவிட்டு அடுப்பை ஏற்றணும். விட்டால் காய் வெளிறிப்போகும், பச்சை நிறம் நிற்காது. வெண்டிலேட்டரில் வருகிற ஆவியைப் பார்த்தாலே நேரம் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆவி மெலிந்துவிட்டது.

மேற்குக் கயிற்றை முதலில் இழுத்தேன், அப்புறம் வடக்கு, அப்புறம் மற்ற ரெண்டு. பின்னால் போய் அடுப்பில் ரெண்டு கட்டை வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். திருடின காய் போக மீதிக் காய் கெட்டுப்போகக் கூடாது என்று பார்த்த திருடன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். என்னைப் பிடித்ததும் அதை வைத்துத்தான். வெளியாள் திருடியிருந்தால் வெண்டிலேட்டரைச் சாத்த மாட்டான், இது ஸ்டோர்காரன் கை என்று பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருத்தர் போலீசில் சொல்லிவிட்டார்.

குழாயில் விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். களிமண் வைத்துப் பூசினதே நான்தான். உள்ளே ஆள் இருக்கிறான் என்பதும் தெரியும், பூட்டினதே நான்தான். தெரிந்த ரெண்டையும் அந்த நேரத்தில் சேர்த்துப் பார்த்தேனா? கை பழக்கத்தில் செய்ததா, மனசு தெரிந்தே கையை விட்டுச் செய்ததா? அவன் திறந்து வந்தால் நான்தான் என்று தெரிந்துபோகும் என்று உள்ளுக்குள் எங்கேயாவது ஓடினதா? பதினாலு வருசமாக இதைத்தான் தோண்டுகிறேன். சில நாள் பழக்கம் என்று தோன்றும், சோறு இறங்கும். சில நாள் அப்படித் தோன்றாது.

பழக்கம் என்று கோர்ட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யாக இருந்தால் என்ன செய்வது? அந்தக் கைக்கு உன் ஐந்து பெட்டியில் எந்தப் பெட்டி என்று நீ சொல். சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்.

மாமன்

*

போடிநாயக்கனூர்
24 செப்டம்பர் 2023

மாமா,

பதினைந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை என் சடங்கு. நீங்கள் இருபத்தொரு தட்டு சீர் கொண்டுவந்தீர்கள். மேளம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா அழுதுவிட்டாள். பச்சைப் பட்டும் ஜிமிக்கியும் போட்டு என்னை உட்காரவைத்து, நீங்கள்தான் மாலை போட்டீர்கள். மாலை ஒரு தரம் உங்கள் கையிலிருந்து நழுவியது. மாமனுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அப்போது சுடலை இறந்து நாலு நாள்.

அம்மாவிடம் உங்கள் கடிதங்களைக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அப்புறம் சொன்னாள். அப்பா வழியில் பெரியப்பா மகள் கலையரசியின் சடங்குக்கு அவள் மாமன்மார் கொண்டுவந்த தட்டுகளை ஊரே நின்று பார்த்ததாம். அம்மா உங்களைக் கூப்பிட்டு, "நீ தட்டுக் கொறச்சலா வந்து என்னைய சபையில நிறுத்துனா, எனக்குக் கூடப்பொறந்தவனே இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்றாளாம். "அவன் மேல வெறுப்புல பாக்கப் போகாம இல்லடி. போனா அவன் மொகத்தப் பாக்கணும்ல" என்றாள். இத்தனை வருஷமும் அவள் உங்களை ஒதுக்கிவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

என் அட்டவணையில் 'இலக்கு' என்ற இடத்தில் 'பணம்' என்று எழுதியிருந்தேன். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது பட்டுக் கட்டிய நான். எனக்கு உங்கள் மேல் கோபமாக வருகிறது மாமா. யார் உங்களிடம் இருபத்தொரு தட்டு கேட்டது? நான் கேட்கவில்லையே. அந்த வயதில் ஒரு பேனா டப்பா வாங்கி வந்திருந்தால் குதித்திருப்பேன். இதை எழுதும்போதே தெரிகிறது, கேட்டது அம்மாதான், நான் இல்லை என்று கைகழுவிக்கொள்ளப் பார்க்கிறேன். எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

உங்கள் கைக்குப் பெட்டி இல்லை. கோட்பாடு உங்களை ஸ்டோர் கதவு வரைக்கும்தான் கொண்டுவந்து விடுகிறது. கயிற்றை இழுத்த இடத்தில் அது உங்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் நேர்மையான பதில்.

இன்னொன்று. சுடலையின் மனைவி சந்திரவல்லியைப் போய்ப் பார்த்தேன். ராசிங்காபுரத்தில் தோட்ட வேலைக்குப் போகிறார். முன்விடுதலை என்றால் நன்னடத்தை அலுவலர் அவரிடம் வந்து ஆட்சேபணை உண்டா என்று கேட்பார். அவர் வேண்டாம் என்றால் அநேகமாக அவ்வளவுதான். நான் யாரென்று சொன்னதும் துரத்துவார் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தார். "ஆசுபத்திரியில துணி சுத்தி மொகத்த மட்டுந்தான் காட்டுனாக" என்றார். தினம் கண்ணை மூடினால் புருஷன் ஸ்டோருக்குள்ளே கிடந்து கத்துகிற சத்தம் கேட்கிறதாம். எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பாராம். இந்த வீட்டுக் கதவைத்தான்.

"விடுதல பத்தியெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. கடைசியா அவரு என்ன சொன்னாருன்னு உங்க மாமனுக்குத் தெரியும்ல. அத மட்டும் எழுதிக் கேளு" என்றார்.

கேட்கிறேன்.

பானு

*

மத்திய சிறை, மதுரை
9 அக்டோபர் 2023

மருமகளுக்கு,

அக்காவிடம் சொல், தட்டு கேட்டது அவள், திருடினது நான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்க வேண்டாம். நீயும்தான்.

அந்தம்மா கேட்டதற்கு எழுதுகிறேன். இதைப் பதினாலு வருசத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

நாதாங்கி போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் கதவைத் தட்டினான். காற்றுக்கு அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தான் போல. "யாருப்பா வெளிய, கதவு மாட்டிக்கிருச்சு" என்றான். நான் மூச்சுக் காட்டவில்லை. ரெண்டு மூன்று தரம் தட்டினான். நான் மூட்டையோடு போய்விட்டேன். திரும்பி வந்து மேற்குக் கயிற்றை இழுத்தபோது, உள்ளேயிருந்து, "முத்துக்கிருஷ்ணா, வந்துட்டியா?" என்றான். அந்த வரிசையில் வெண்டிலேட்டரைச் சாத்துகிறவன் நான் ஒருத்தன்தான், அவன் மேற்கைக் கடைசியில்தான் சாத்துவான். நான் வடக்குக் கயிற்றுக்கு நகர்ந்தேன். "சரி, சோலிய முடிச்சுட்டு வந்து தொற" என்றான். அதற்கப்புறம் தட்டவே இல்லை.

நான் வந்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவனுக்குப் பயம் போய்விட்டது ஆத்தா. நான் திறப்பேன் என்று நம்பி உட்கார்ந்துவிட்டான். இப்போதும் அப்படித்தான் வந்து உட்காருகிறான். கோபமாக இருந்தால் எனக்குத் தாங்கும்.

இதை அந்தம்மாவிடம் அப்படியே வாசி. எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே. அப்புறமும் அவர் சரி என்றால் படிவத்தை அனுப்பு. கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு.

மாமன்

*

போடிநாயக்கனூர்
2 நவம்பர் 2023

மாமாவுக்கு,

வாசித்தேன். களைவெட்டிவிட்டு வந்து கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், "திரும்ப அந்த எடத்த வாசி" என்றார். 'அதற்கப்புறம் தட்டவே இல்லை' என்ற இடம். நாலு முறை வாசித்தேன்.

"அப்ப அவரு கத்தல" என்றார். நான் தலையாட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "பயப்படாமத்தான் போயிருக்காரு. இது தெரியாம இத்தன வருசமா நான் தூங்கலையே" என்றார். உங்களைப் பற்றிக் கேட்டேன். "வரட்டும். ஆனா என் கண்ணுல பட வேணாம்" என்றார். பதினாலு வருஷம் முடிகிறவர்களுக்குச் சிறையிலிருந்தே முன்கூட்டி விசாரிக்க அனுப்புவார்களாம், போன செவ்வாய்க்கிழமை நன்னடத்தை அலுவலர் வந்தபோது ஆட்சேபணை இல்லை என்று கைரேகை வைத்துவிட்டார். நேற்று அந்தப் பக்கம் போனேன். மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னார்.

படிவத்தை மறுபடி வைத்திருக்கிறேன். உங்கள் வாழ்க்கையைப் பற்றிய அத்தியாயத்தை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். பேராசிரியர் ஏன் என்று கேட்டார், தரவு போதவில்லை என்றேன். அம்மா இந்த மாதக் கடைசியில் உங்களைப் பார்க்க வருகிறாள். என்னையும் கூட வரச் சொல்கிறாள்.

மாமா, தீர்ப்போடு பிரேதப் பரிசோதனை அறிக்கையும் எனக்குக் கிடைத்தது. ஒன்பதாம் பக்கம். இங்கிலீஷில் இருக்கிறது. சுடலையின் இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளில் தோல் உரிந்திருந்தது. வலது கையில் இரண்டு நகம் இல்லை.

நீங்கள் மூட்டையோடு போன பிறகு அவர் தட்டியிருக்கலாம். நீங்கள் அங்கே நிற்கும்போதே தட்டியிருக்கலாம். நீங்கள் எழுதியது நடந்ததா, இல்லை அந்தம்மாவுக்காக எழுதியதா என்று எனக்குத் தெரியாது. ராசிங்காபுரத்தில் அவர் முன்னால் உட்கார்ந்து உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த அறிக்கை என் பையில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் எடுக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

பானு